பவுனுக்கு ஏற்றிய உப்புத்தண்ணீர்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால், அவர்களுக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று முதலில் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற ஆள் நான். முப்பத்து மூன்று வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள். பிணவறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்து சாப்பிட்டிருக்கிறேன், எங்கள் ஆஸ்பத்திரியில் அங்கேதான் நல்ல நிழல். ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம் எங்களுடையது, ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறமாட்டேன், ஆனால் கோயில் வேறு, இந்தக் கட்டுக்கதை வேறு. செத்தவர்கள் திரும்பி வருவதாக இருந்தால் முதலில் என்னைத் தேடித்தான் வந்திருக்க வேண்டும், அத்தனை பேருக்கு இந்தக் கையால் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். ஒருத்தரும் வந்ததில்லை.

இப்போது சொல்லப்போவதிலும் செத்தவர் யாரும் எழுந்து வரவில்லை. வெள்ளைப் புடவை, சலங்கைச் சத்தம், நாய் ஊளையிட்டது, ஒன்றும் கிடையாது. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், ஆனால் 'தூக்கக் கலக்கமாக இருந்திருக்கும் சிஸ்டர்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதை ஒருத்தர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். எனக்கு இருபத்தாறு வயது. அந்த ஐப்பசி மழையோடு திருவொற்றியூர், எண்ணூர் பக்கமெல்லாம் வாந்திபேதி பரவிவிட்டது. ஊருக்குள் கொண்டுவராமல் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்று ரயில் பாதைக்குப் பக்கத்து மணல்மேட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஒரு டாக்டரையும் என்னையும் குப்பம்மா என்ற ஆயாவையும் அனுப்பினார்கள். கான்வாஸ் கட்டில்கள், நடுவில் வட்டமாக ஓட்டை வெட்டி, கீழே வாளி. வாந்திபேதிக்காரர்களுக்கு எழுந்து போகத் தெம்பு இருக்காது, அதற்காக. பிளீச்சிங் பவுடர் நெடியும் ஈரக் கீற்று நாற்றமும் சேர்ந்து தலையைச் சுற்றும், சோற்றை வாயில் வைத்தாலும் அந்த நெடிதான்.

அந்த வியாதியில் ஆளைக் கொல்வது கிருமி பாதி, வறட்சி பாதி. உடம்பில் இருக்கிற தண்ணீரும் உப்பும் மேலும் கீழுமாகக் கொட்டிப்போய், காலையில் நடந்து வந்தவன் மத்தியானம் கண் உள்ளே போய், கன்னம் ஒட்டி, விரலெல்லாம் வண்ணான் விரல் மாதிரி சுருங்கிக் கிடப்பான். தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளின இடம் அப்படியே நிற்கும். வாயால் கொடுத்தால் வாந்தி. அதனால் நரம்பு வழியாக உப்புத்தண்ணீர் ஏற்ற வேண்டும், சலைன். ஏற்றிவிட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், பிணம் மாதிரி கிடந்தவன் ஒரு மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்பான். அதைப் பார்த்தவர்களுக்கு வேறு அற்புதம் எதுவும் தேவைப்படாது.

ஆனால் ஏற்றுவதற்கு நரம்பு வேண்டுமே. உள்ளே ஒன்றும் இல்லாதபோது நரம்பு காலிச் சாக்கு மாதிரி மடிந்து படுத்துவிடும். டாக்டர்கள் கணுக்காலில் தோலைக் கீறி, நரம்பை வெளியே எடுத்து, வெள்ளிக் குழாயைச் செருகிக் கட்டுவார்கள். நான் கீறாமலே எடுப்பேன். விரல் நுனியால் தடவினால் எனக்குத் தெரிந்துவிடும், இங்கே இருக்கிறது, இப்படிச் சாய்ந்து போகிறது என்று. ஊசிகளை நானே கல்லில் தீட்டி, முனை பிசிறில்லாமல் இருக்கிறதா என்று பஞ்சில் குத்திப் பார்த்து, நானே வேகவைத்து எடுப்பேன், வேறு யாரையும் தொடவிடமாட்டேன். 'ரெஜினா சிஸ்டர் கூப்பிட்டால் நரம்பு ஆஜர்' என்று டாக்டர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்டு.

எங்களுக்குப் பாடம் சொன்ன மேட்ரன் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். குடுவையிலிருந்து வருகிற ரப்பர் குழாயின் நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும், சொட்டுச் சொட்டாக விழுவது அதில் தெரியும். 'குமிழைப் பார், நோயாளி முகத்தைப் பார்க்காதே, முகத்தைப் பார்த்தால் உன் கை நடுங்கும். சொட்டு விழுந்தால் உள்ளே போகிறது என்று அர்த்தம்.' நான் அப்படித்தான் வேலை செய்தேன், நல்ல பெயரும் எடுத்தேன்.

அன்றைக்கு மழை பிடித்து மூன்றாவது நாள். தண்டையார்பேட்டை ரோட்டில் முழங்கால் தண்ணீர். ஆஸ்பத்திரியில் காய்ச்சி வடித்துத் தயார் செய்த சலைன் குடுவைகளைக் கொண்டுவரும் வேன் காலையிலேயே வந்திருக்க வேண்டும், வரவில்லை. கொட்டகையில் நாலைந்து பேர் தேறிக்கொண்டிருந்தார்கள், அவர்களைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டியில் ஒரே ஒரு குடுவைதான் மிச்சம். பதினொரு மணி இருக்கும், எண்ணூரிலிருந்து ஒரு கைவண்டியில் இரண்டு பேரைச் சேர்த்துப் போட்டுக் கொண்டுவந்தார்கள். தாயும் மகளும். தள்ளிக்கொண்டு வந்த ஆட்கள் இறக்கி வைத்ததும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்கள், பயம்.

தாய் பெயர் கண்ணியம்மா, நாற்பது வயது இருக்கலாம். மகள் பவுனு, பதினாறு. இரண்டு பேரும் எண்ணூர் உப்பளத்தில் கூலி. புருஷன் ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் ரங்கூனுக்குப் போனவன், ஆளும் வரவில்லை, கடிதாசியும் வரவில்லை. அவளுக்கு இவள், இவளுக்கு அவள், அவ்வளவுதான் குடும்பம். நாளெல்லாம் உப்பில் நின்று வேலை செய்கிறவர்கள் உடம்பில் உப்பில்லாமல் சாகக் கிடந்தார்கள், அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது.

டாக்டர் இரண்டு பேர் கையையும் பிடித்துப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இருக்கிறது ஒண்ணு. பாதிப் பாதி போட்டா ரெண்டும் போயிடும், சிஸ்டர். ஒருத்தரையாவது நிறுத்துங்க."

"யாருக்கு, டாக்டர்?"

"நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க. நான் போய் அந்த வேனை எங்கேயிருந்தாலும் இழுத்துக்கிட்டு வரேன்." குடையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நல்ல மனுஷன். அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை.

இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருக்கும். நான் நடுவில் போய் நின்றேன். நாங்கள் பேசினது அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. அந்த வியாதியில் உடம்பு போகும், குரல் போகும், புத்தி மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும், அதுதான் அதில் பாவம்.

"என்னிய உட்டுடு நர்ஸம்மா," என்றாள் கண்ணியம்மா. குரல் காற்றாகத்தான் வந்தது. "பொண்ணப் பாரு. அதுக்கு ஏத்து."

இந்தப் பக்கம் பவுனு என் புடவை முந்தானையைப் பிடித்தாள். "அக்கா, எங்கம்மாவுக்குப் போடுக்கா. நான் தாங்கிக்குவேன். எனக்கு இன்னா."

நான் அழவில்லை. அழுகிற நேரமும் இல்லை. தாயின் மணிக்கட்டில் நாடி இல்லை, முழங்கையில் தேடினேன், அங்கேயும் இல்லை. மகளுக்கு மணிக்கட்டில் நூல் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. வயசு பதினாறு. இருக்கிற ஒன்றை எங்கே போட்டால் பலிக்குமோ அங்கே போட வேண்டும், அதுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது, இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பவுனுக்குப் போடுவது என்று முடிவு செய்தேன். அவள் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். நான் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சலைனை ஏற்றுவதற்கு முன் குடுவையை வெந்நீரில் வைத்துச் சூடாக்குவோம், உடம்புச் சூட்டுக்கு. அன்றைக்கு விறகெல்லாம் நனைந்து அடுப்பு பிடிக்கவில்லை. மிச்சமிருந்த ஸ்பிரிட்டைக் கொளுத்தி ஊசியை மட்டும் வேகவைத்தேன், குடுவை அப்படியே சில்லென்று இருந்தது. அது எனக்கும் குப்பம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பவுனுவின் இடது முழங்கை மடிப்பில் இரண்டாவது தடவலில் நரம்பு கிடைத்தது. குத்தினேன். குழாயின் முனைக் கண்ணாடியில் ரத்தம் எட்டிப் பார்த்தது. இதை என் கண்ணால் பார்த்தேன், குப்பம்மாவும் பார்த்தாள், அதில் சந்தேகமே வேண்டாம். கிளிப்பைத் திறந்தேன், சொட்டு விழ ஆரம்பித்தது. கையின் கீழே பலகை வைத்துத் துணியால் கட்டி, குடுவையைக் கூரை மூங்கிலில் தொங்கவிட்டேன். சின்ன ஊசிதான் கைவசம் இருந்தது, அதனால் வேகமாகப் போகாது, இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கண்ணியம்மா அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. இன்னும் அரை மணி நேரம் தாங்கினால் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் பவுனு என்னைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் வர்லக்கா."

நான் குமிழைப் பார்த்தேன். ஒழுங்காக விழுந்துகொண்டிருந்தது. குடுவையில் கால் பாகம் இறங்கியிருந்தது. "போய்க்கிட்டுதான் இருக்கு, கண்ணு. கையை ஆட்டாம பேசாம படு," என்றேன். மற்றக் கட்டில்களுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கப் போய்விட்டேன்.

ஒரு மணிக்கு மறுபடியும். "அக்கா, எனக்கு வர்லக்கா."

இந்தத் தடவை போய் நின்று பார்த்தேன். ஊசி நரம்பைவிட்டு நழுவியிருந்தால் தண்ணீர் தோலுக்கடியில் சேர்ந்து கை பொம்மென்று வீங்கும், வீக்கம் இல்லை. வெளியே கசிந்தால் துணி நனையும், துணி உலர்ந்திருந்தது, படுக்கை உலர்ந்திருந்தது, கீழே மணலும் உலர்ந்துதான் இருந்தது. குமிழில் சொட்டு விழுகிறது. குடுவையில் பாதிக்கு மேல் காலி. அப்படியென்றால் எங்கே போகும், உள்ளேதான் போகும்.

"நான் பார்க்குறேன்ல, பவுனு. உள்ளே போயிட்டுதான் இருக்கு."

"போவுதுக்கா," என்றாள் அவள். "ஆனா எனக்கு இல்ல."

நோயாளி வரவில்லை என்று சொன்னால் ஊசியை எடுத்துவிட்டு வேறு நரம்பில் போட வேண்டும். இது நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்குக்கூடத் தெரியும். நான் செய்யவில்லை. எடுத்தால் இன்னொரு நரம்பு கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம் ஒரு பக்கம், ரெஜினா போட்ட ஊசி தப்பாகுமா என்ற திமிர் ஒரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, குமிழ் போகிறது என்று சொல்லியது, பெண் வரவில்லை என்று சொன்னாள், நான் குமிழை நம்பினேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. ஆனை சறுக்கினால் ஆனைக்குத்தான் அடி படும். இங்கே பட்டது அவளுக்கு.

இரண்டு மணி நெருங்கும்போது குப்பம்மா அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். "நர்ஸம்மா, இங்க வந்து பாரேன். இந்தம்மாவுக்குக் கால் சூடாவுது."

செத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கண்ணியம்மாவின் பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. மணிக்கட்டைப் பிடித்தேன், காலையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நாடி அடித்தது, நிதானமாக, நிரம்பிய நாடி. கிள்ளிப் பார்த்தேன், தோல் உடனே இறங்கியது. உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அப்போது வந்தது சந்தோஷம். பயம் இல்லை, யோசனை இல்லை, சந்தோஷம் மட்டும்தான். மாதாவே, இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள் என்று குப்பம்மா கையைப் பிடித்துக்கொண்டேன். இப்படித் தானாகத் தேறுகிறவர்கள் நூற்றில் ஒருத்தர் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அந்த ஒருத்தி இவள் என்று நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடு திரும்பி அன்றைக்கு முதல் முறையாகப் பவுனுவின் முகத்தை நேராகப் பார்த்தேன்.

கண் குழிக்குள் போயிருந்தது. உதடு கறுத்திருந்தது. காலையில் வந்தபோது இருந்ததைவிடப் பாதியாக வற்றியிருந்தாள். தோலைக் கிள்ளினேன், கிள்ளின மடிப்பு அப்படியே நின்றது. குடுவையில் ஒரு விரற்கடைதான் மிச்சம். கிட்டத்தட்ட ஒரு குடுவை, இரண்டு பைண்ட் தண்ணீர் ஏறின உடம்பு அது என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார். பதறிப்போய் வலது கையைத் தடவினேன், காலைத் தடவினேன், கழுத்தைத் தடவினேன், எங்கேயும் ஒன்றும் தட்டுப்படவில்லை. நரம்பே இல்லாத உடம்பு மாதிரி இருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் வலி தெரியவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசிச் சொட்டு குமிழில் விழுந்து நின்றது. அவளும் நின்றுவிட்டாள்.

கைக்கட்டை அவிழ்த்து ஊசியை இழுத்தேன். ஊசி வந்தது. ஒரு துளி ரத்தம் இல்லை. செத்தவர்களுக்கும் கொஞ்சம் கசியும், பஞ்சை வைத்து அழுத்த வேண்டியிருக்கும். பஞ்சை வைக்க இடம் தேடினேன், குத்தின இடத்தைக் காணவில்லை. முழங்கை மடிப்பில் ஒரு துளை, ஒரு சிவப்பு, ஒரு கீறல்கூட இல்லை. குப்பம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள், அடுத்த கையையும் திருப்பிப் பார்த்தாள். பிறகு போர்வையை எடுத்துப் பெண்ணை மூடினாள்.

கண்ணியம்மாவைச் சுத்தம் செய்து வேறு கட்டிலுக்கு மாற்றும்போது குப்பம்மாதான் பார்த்தாள். "இது இன்னாம்மா?" என்றாள்.

கண்ணியம்மாவின் இடது கணுக்கால் உட்பக்கம், டாக்டர்கள் எப்போதும் கீறுகிற அதே இடத்தில், ஒரு ஊசித் துளை. சுற்றிலும் நீலம் பாரித்திருந்தது, உலர்ந்த ரத்தம் ஒரு பொட்டு. புதுசு. அந்தக் காலில் அன்றைக்கு நான் ஊசியே வைக்கவில்லை. கொட்டகையில் ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. வேகவைத்ததே ஒரு ஊசிதான்.

நாலு மணிக்கு டாக்டர் வேனோடு வந்து சேர்ந்தார், இடுப்புவரை நனைந்து. போர்வை மூடிய கட்டிலைப் பார்த்தார். சிறுநீர் போய்த் தெளிந்து படுத்திருந்த தாயைப் பார்த்தார். யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டார். மகளுக்கு என்றேன், நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணியம்மாவின் கணுக்காலைப் பார்த்தார், பவுனுவின் இரண்டு முழங்கையையும் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு நாளா நீங்க சரியாத் தூங்கலை, சிஸ்டர்," என்றார். "தூக்கக் கலக்கத்தில் எதுவும் தோணும். ஒரு உயிரைக் காப்பாத்திட்டீங்க, அது போதும்." தாயின் கேஸ் சீட்டில், சலைன் இரண்டு பைண்ட், இடது கணுக்கால் என்று எழுதிவிட்டார். குப்பம்மாவைக் கேளுங்கள் என்றேன், அவள் எனக்குத் தெரியாது சாமி என்று வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கு வேலை முக்கியம்.

மறுநாள் காலையில் கண்ணியம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். மகள் படுத்திருந்த கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்தாள். நான் கஞ்சிக் கிண்ணத்தோடு போய் நின்றேன். மகள் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

"எனக்கு ஏன் ஏத்துனே?" என்றாள். "அதுக்குத்தான ஏத்தச் சொன்னேன்."

"உங்களுக்கு ஏத்தலைம்மா. பவுனுக்குத்தான் ஏத்தினேன். நீங்களே பார்த்தீங்களே."

"பொய் சொல்லாத. பாத்தேன், அப்பால கண்ண மூடிக்கினேன். ஒடனே கால்ல சில்லுன்னு ஏறிச்சு. கணுக்கால்லருந்து தொட வரிக்கும், ஐஸ் கணக்கா. ஏறிகினே இருந்துச்சு. வாணாம் வாணாம்னு கத்துனேன், வாய் வர்ல. நீ முதுகக் காட்டிக்கினு நின்னுகினு இருந்தே. திரும்பிக்கூடப் பாக்கல."

குடுவை சில்லென்று இருந்தது இவளுக்கு எப்படித் தெரியும். நான் உண்மையைச் சொன்னால் அவளுக்கு அது பொய், பொய்யைச் சொன்னால் அவள் மகளைச் சாகவிட்டவள் நான். எது சொன்னாலும் பவுனு வரப்போவதில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை, அடுத்த நாளும் சாப்பிடவில்லை. ஆனால் நாடி மட்டும் குறையவே இல்லை. மூன்றாம் நாள் அவளை அனுப்பிவிட்டோம், மழையில் தனியாக எண்ணூர் ரோட்டில் நடந்து போனாள்.

இரண்டு வருஷம் கழித்து உப்பளத்துக்காரர்களுக்குக் காலரா தடுப்பூசி போட எண்ணூருக்கு என்னை அனுப்பினார்கள். போகமாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. சித்திரை வெயில். பாத்திகளிலிருந்து கண்ணைக் குத்துகிற வெள்ளை. வரிசையில் அவளும் வந்து நின்றாள். இளைத்திருந்தாள், ஆனால் நோய் இல்லை. சட்டென்று கையை நீட்டினாள். ஊசி போட்டேன். அவள் நகரவில்லை.

"எம் பொண்ணு அன்னிக்கி உங்கிட்ட இன்னா கேட்டுச்சு?"

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது. "அம்மாவுக்குப் போடுன்னு கேட்டாள்," என்றேன்.

அவள் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டாள். "அப்ப நீ அது பேச்சத்தான் கேட்டுக்கினே. எம் பேச்சக் கேக்கல."

இல்லை, உன் பேச்சைத்தான் கேட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். செய்யாத குற்றத்தை அன்றைக்கு ஒப்புக்கொண்டேன், செய்த குற்றத்தை இன்றைக்குத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அவள் போகாமல் என் எதிரிலேயே தரையில் உட்கார்ந்தாள். இடது காலை நீட்டி, புடவையை முழங்கால்வரை ஒதுக்கினாள். "தொட்டுப் பாரு," என்றாள்.

பாத்தித் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்த வெயில் அது. அவள் காலெல்லாம் சுட்டது. கணுக்காலிலிருந்து முழங்கால்வரை மட்டும், உட்பக்கமாக, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு கோடு சில்லென்று இருந்தது. நான் விரல் நுனியால் தடவுகிறவள், எனக்கு நரம்பு தெரியும். அந்தக் கோட்டுக்குள்ளே ஏதோ மேலே போய்க்கொண்டிருந்தது.

"நிக்கல நர்ஸம்மா," என்றாள். "அன்னியிலருந்து ஏறிகினேதான் கீது. ஒரு காச்சல் கூட வர்ல எனக்கு. எம் பொண்ணப் பாக்கப் போவணும் நான். எப்ப நிறுத்துவே?"

நான் மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு வேறொரு நர்ஸ் மறுநாள் போய்ப் போட்டாள். எண்ணூர் பக்கம் அதற்குப் பிறகு நான் கால் வைத்ததில்லை.

எனக்கு இப்போது எண்பத்திரண்டு நடக்கிறது. போன மாதம் கோயிலில் எண்ணூர்க்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன், உப்பளம், பழைய ஆட்கள் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. நான் கேட்காமலேயே அவர் சொன்னார், அங்கே ஒரு கிழவி இருக்கிறாளாம், உப்பளத்தில் அவளோடு வேலை செய்த ஒருத்தரும் இப்போது உயிரோடு இல்லையாம், அவள் மட்டும் இருக்கிறாளாம், தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லையாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ராயபுரத்து நர்ஸம்மா இன்னும் இருக்கிறாளா என்று கேட்கிறாளாம்.